தூக்கிய வண்டியும் துடிக்கும் ஷாஃப்டும்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தலாம் என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். ‘2 இன்ச் போதும்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே லிஃப்ட் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டவர்கள். வண்டித் தரை அதிர்கிறது, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு உடைகிறது, ரப்பர் பூட் கிழிகிறது என்று ஆளுக்கொரு வேதனை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் ஜிப்ஸி. போன மாதம் நான்கு பக்கமும் 2 இன்ச் உயரம் தரும் புதுப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட் போட்டேன். பின்னால், பட்டை நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளையும் நீளமானதாக மாட்டினார்கள். 60-ஐத் தாண்டினால் தரையெல்லாம் கிர்ரென்று அதிர்கிறது. ‘பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் தண்டின் முனை) ஷாஃப்டைப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லி, பட்டறையில் பின் ஆக்சிலுக்கு 4 டிகிரி ஆப்பு வைத்தார்கள். அதிர்வு கூடிவிட்டது! டயர் பேலன்ஸ் இரண்டு தடவை செய்தாகிவிட்டது. ஃபோனில் கோணம் அளந்ததில் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) ஷாஃப்ட் மாட்டும் ஃப்ளாஞ்ச் 2, பின் ஷாஃப்ட் 10, பினியன் 7 டிகிரி வருகிறது. என்ன செய்வது?
– கோத்தகிரி வாசகர்

முதல் வேலையாக அந்த ஆப்பைக் கழற்றுங்கள். நீங்கள் கோணத்தை அளந்து அனுப்பியதற்கு நன்றி. வந்த கடிதங்களில் எண்களோடு வந்தது உங்களுடையது ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கிராஸ் என்று நாம் சொல்லும் யுனிவர்சல் ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. அது வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். வளைவு 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் கையில் தெரியாத அளவு. அதே 10 டிகிரி ஆனால் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். அப்படியானால் கம்பெனி வண்டி ஏன் அதிர்வதில்லை? ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறது, முன்னால் இருப்பது கெடுத்ததைப் பின்னால் இருப்பது சரிசெய்துவிடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு வளைந்திருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியே வரும் தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பினியன் ஷாஃப்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து மேல் கிராஸில் வளைவு 10-இலிருந்து 2 போக 8. பினியன் பக்கத்துக் கீழ் கிராஸில் 10-இலிருந்து 7 போக வெறும் 3. மேலே 8 டிகிரியில் பிறக்கும் துடிப்பை, கீழே 3 டிகிரியில் இருக்கிற கிராஸால் அடக்க முடியவில்லை, மிச்சம் அப்படியே ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கும் வண்டித் தரைக்கும் போகிறது. பின்பக்கம் ஷேக்கிளை நீட்டியபோதே பினியன் மூக்கு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அதன்மேல் ஆப்பையும் வைத்து இன்னும் 4 டிகிரி ஏற்றிவிட்டார்கள். ஆப்பை எடுத்துவிட்டால் பினியன் 3-க்கு வரும், கீழ் கிராஸ் 7, மேல் கிராஸ் 8. வித்தியாசம் 1 டிகிரி. அதுவே போதும்.

‘பினியன் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும்’ என்று பட்டறையில் சொன்னது முழுப் பொய் இல்லை, வேறு வகை ஷாஃப்டுக்கான விதி அது. மேல் முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த டபுள் கார்டன் ஷாஃப்ட் போட்டால், அந்த இரண்டும் தங்களுக்குள்ளேயே கணக்கை முடித்துக்கொள்ளும், கீழ் கிராஸ் நேராக இருந்தாக வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மூக்கு சற்று மேலே எழும்பும் என்பதால், நிற்கும்போது ஷாஃப்டை விட 1 அல்லது 2 டிகிரி தாழ்வாக வைப்பார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் அந்த வகை ஷாஃப்டைத்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு சாதாரண ஷாஃப்டில் ஆப்பு வைப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற தப்பு.

ஆப்பை எடுத்த பிறகும் 80-க்கு மேல் லேசான முணுமுணுப்பு இருக்கலாம். அந்த வேகத்தில் உங்கள் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்று சுற்றும், அதற்கு 7 டிகிரிக்குள் இருப்பது நல்லது, நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். பழைய ஷேக்கிளையே திரும்ப மாட்டிவிட்டால் உயரம் கொஞ்சம் குறையும், கோணமும் குறையும். என் வண்டியாக இருந்தால் அதைத்தான் செய்வேன். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காமல் தனியாகத் தொங்குகிறது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்றுத் தாழ்த்தினாலே அந்தக் குட்டி ஷாஃப்டின் கோணம் மளமளவென்று ஏறிவிடும். பின்னால் இருந்த நோயை நடுவுக்கு மாற்றிய கதையாகிவிடும்.

ஏன் குட்டி ஷாஃப்ட் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 60 செ.மீ. ஷாஃப்டின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தினால் கோணம் 5 டிகிரி அளவுக்குக் கூடும். 120 செ.மீ. ஷாஃப்ட் என்றால் அதில் பாதிதான். நீளமான பிக்கப் வண்டிகள் லிஃப்டைத் தாங்கிக்கொள்வதும் குட்டி ஜீப்கள் உடனே அதிர்வதும் இதனால்தான். சேஸிக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்தினால் ஷாஃப்ட் கோணம் மாறாது. டயரை மட்டும் பெரிதாக்கினாலும் மாறாது.

டயர் அதிர்வா ஷாஃப்ட் அதிர்வா என்று பிரித்தறிய எல்லாரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 80-இல் டயர் நொடிக்குப் பத்து சுற்று, அதில் கோளாறு இருந்தால் ஸ்டியரிங் ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு சுற்றுகிறது, கோண அதிர்வோ அதற்கும் இரண்டு மடங்கு. அது ஆட்டமாக வராது, ரீங்காரமாக வரும். உள்ளங்காலில் கூசும், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் உருவம் மங்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சட்டென்று மாறினால் டயரைச் சந்தேகிக்காதீர்கள்.

போடி பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற எம்.எம். 540 ஜீப். பாறை இடிக்கிறதென்று பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் 3 இன்ச் இரும்புக் கட்டை வைத்தோம். கிளட்ச் விட்டால் ‘தடால்’ என்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு கிராஸ் போகிறது. நல்ல கம்பெனி கிராஸ் எது என்று சொல்லுங்கள்.
– போடி வாசகர்

எந்தக் கம்பெனி கிராஸ் போட்டாலும் உடையத்தான் செய்யும் ஐயா. கிராஸைக் கொல்வது அந்தக் கட்டைதான். மேட்டில் கிளட்ச் விடும்போது சக்கரம் ஒரு பக்கம் சுற்றப் பார்க்கும், ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கைத் தாங்குவது பட்டை மட்டுமே. நடுவில் 3 இன்ச் கட்டை நின்றால் அது ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது: பட்டை எஸ் எழுத்துப் போல வளையும், பினியன் மூக்கு வானத்தைப் பார்க்கும், அந்தக் கணத்தில் கிராஸின் கோணம் எல்லை மீறும், பிறகு பட்டை படாரென்று திரும்பும்போது நீங்கள் சொல்லும் ‘தடால்’.

கட்டையை எடுத்துவிட்டு, வளைவு கூடுதலான முழுப் பட்டை செட் போடுங்கள். காயலான் கடையிலிருந்து ஒற்றைப் பட்டை வாங்கி இடையில் சொருகாதீர்கள், அது பாரத்தைச் சரியாகப் பங்கு போடாது. பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டும் புதிதாகவே வாங்குங்கள், பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, 500-இல் இன்னொரு தடவை நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். முன் ஆக்சிலுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் கட்டை வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அது நழுவினால் ஸ்டியரிங்கே கையில் நிற்காது.

அதுவரை வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கிராஸ் கப் ஓரத்தில் மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்பாக இருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடித்துத் தூளாகிறது என்று பொருள், அந்தக் கிராஸை நம்பி அடுத்த ட்ரிப் போகாதீர்கள். கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப் வழியாகவும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது காய்ந்து கிடக்கிறது.

இன்னொன்று, இது என் வேண்டுகோள். நீங்கள் ஏற்றுவது மனிதர்களை. ஷாஃப்டின் முன் முனை அறுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். முன் முனைப் பக்கம் ஷாஃப்டைச் சுற்றி சேஸியோடு ஒரு பட்டை இரும்பு வளையம் அடித்துவிடுங்கள். வெல்டருக்கு அரை நாள் வேலைதான்.

2021 மஹிந்திரா தார் வாங்கினேன். முன்பக்கம் உயரம் கூட்ட 40 மி.மீ. ஸ்பேசர் போட்டேன். எட்டே மாதத்தில் வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ். கம்பெனி சி.வி. பூட் (சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) இவ்வளவு மட்டமா?
– ஓசூர் வாசகர்

பூட்டைக் குறை சொல்லாதீர்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர நடு வரை அளந்து, ஸ்பேசர் போடாத ஒரு தாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 மி.மீ. ஏறியிருக்காது, 60-லிருந்து 80 வரை ஏறியிருக்கும். புதிய தாரின் முன்பக்கம் இரட்டைக் கை வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பர் கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரமோ அந்தக் கையின் நுனியில் இருக்கிறது. மேலே வைத்த ஸ்பேசரின் தடிமன் சக்கரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகத் தெரியும். இது தெரியாமல் ‘40 தானே’ என்று போட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் அரை ஷாஃப்ட் நின்ற இடத்திலேயே சாய்ந்து கிடக்கிறது. பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, அந்த இடத்தில் கிழிந்திருக்கும். கிழிசல் வழியாகக் கிரீஸ் வெளியே போனது ஒரு பக்கம், மண்ணும் தண்ணீரும் உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் சத்தம் இல்லையென்றால் ஜாயிண்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டால் பிழைத்துக்கொள்ளும். சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்டே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் ஸ்பேசரை 20 – 25 மி.மீ.க்கு இறக்குங்கள். அதற்கும் மேல் உயரம் வேண்டுமென்றால் முன் டிஃபரன்ஷியலையே (இரு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டி) சற்றுத் தாழ்த்தும் பிராக்கெட் வேண்டும், அது உங்கள் வண்டிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், லேத்தில் துளைபோட்ட தகடு வேண்டாம். மாட்டியதும் சேஸியில் ஜாக்கி கொடுத்து, கீழே ஸ்டாண்டும் வைத்து, முன் சக்கரங்களைத் தொங்கவிட்டு, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் முதல் பள்ளத்திலேயே அது உடையும். 2020-க்கு முந்தைய தார் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் தண்டு) இருக்கும், போல்ட்டை முறுக்கியே உயர்த்திவிடலாம் என்பதால் செலவில்லை என்று நினைக்கிறார்கள். சி.வி. ஜாயிண்டுக்கு அங்கேயும் இதே கதிதான்.

ஐந்து கதவு ஜிம்னியில் 2 இன்ச் லிஃப்ட். ஸ்டியரிங் அலைபாய்ந்ததால் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் சாய்வை) திருத்தும் காஸ்டர் புஷ் போட்டேன், ஸ்டியரிங் சரியானது. இப்போது நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹையில் போட்டால் முன்னாலிருந்து அதிர்கிறது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹையில் ஒன்றுமில்லை.
– உடுமலைப்பேட்டை வாசகி

நீங்கள் வரிசையாகக் கவனித்து எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறதம்மா. ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீளக் கைகள் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. வண்டியைத் தூக்கும்போது அந்தக் கைகளின் பின்முனையும் மேலே போய்விடுவதால் ஆக்சில் முழுவதும் சற்று முன்பக்கமாக உருள்கிறது. அதில்தான் காஸ்டர் குறைந்து ஸ்டியரிங் அலைபாய்ந்தது. ஆனால் அதே உருளலில் பினியன் மூக்கு மேலே ஏறி ஷாஃப்டுக்கு உதவியும் செய்தது. காஸ்டர் புஷ் ஆக்சிலைத் திரும்பப் பின்னால் உருட்டுகிறது, ஸ்டியரிங் சரியாகிறது, பினியன் தாழ்கிறது, ஷாஃப்ட் கோணம் கூடுகிறது. ஒரே இரும்பு வார்ப்பில் இரண்டும் இருப்பதால் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற முடியும்.

எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்றால், தயங்காமல் ஸ்டியரிங் பக்கம் நில்லுங்கள், நெடுஞ்சாலையில் உயிர் அதில் இருக்கிறது. ஃபோர் ஹையில் எங்கே அதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தார் சாலையில் என்றால் அங்கே ஃபோர் ஹையே போடக் கூடாது. ஜிம்னியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த தார் சாலையில் திரும்பும்போது ஷாஃப்ட்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண்ணில் 30, 40-இல் லேசாக அதிர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கிரீஸை மட்டும் இரட்டிப்பாகக் கவனியுங்கள். அதைவிட அதிகமென்றால், பாதியளவு மட்டும் திருத்தும் காஸ்டர் புஷ் போட்டு, ஸ்டியரிங் வளைவு முடிந்ததும் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முன்னால் டபுள் கார்டன் ஷாஃப்ட் வாங்கச் சொல்வார்கள், ஆனால் பினியன் தாழ்ந்திருக்கும் வரை கீழ் கிராஸ் வளைந்துதான் இருக்கும், அந்தப் பணம் முழுப் பலன் தராது.

லிஃப்ட் போட்டு ஒரு வருடம் நன்றாக ஓடியது. ஷாஃப்டைக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டிய அன்றிலிருந்து பயங்கர அதிர்வு. லிஃப்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள்.
– திண்டுக்கல் வாசகர்

கழற்றாதீர்கள்! ஷாஃப்ட் நடுவில் நீண்டு சுருங்குமே, அந்தப் பல் வெட்டிய ஸ்பிளைன் இணைப்பை உருவியெடுத்துவிட்டுத் திரும்பச் சொருகும்போது பல் மாறியிருக்கும். கிராஸைப் பிடிக்கும் கவட்டைகளான இரண்டு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் ஒரு கிராஸ் செய்வதை இன்னொன்று சரிசெய்ய முடியாமல் போகும். நான் தொழில் பழகிய பட்டறையிலும் இதே தவறு நடந்து, மூன்று நாள் டயர், ரிம், பேரிங் என்று மாற்றிப் பார்த்தோம். கடைசியில் துணியால் ஷாஃப்டைத் துடைத்தபோதுதான் மண்ணுக்கடியில் இரண்டு சின்ன அம்புக்குறி தெரிந்தது, ஒன்றையொன்று பார்க்க வேண்டியவை விலகி நின்றன. உருவி நேராக்கிச் சொருகினோம், அன்று மாலையே வண்டி போய்விட்டது. உங்கள் ஷாஃப்டில் குறி இல்லையென்றால் நீங்களே பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், ஃப்ளாஞ்ச் போல்ட்டைக் கழற்றுமுன் அங்கேயும் ஒன்று.

படுத்திருக்கும்போதே இதையும் பாருங்கள்: சக்கரம் முழுவதும் தொங்கும்போது அந்த ஸ்பிளைன் எவ்வளவு உள்ளே இருக்கிறது? குறைந்தது அதன் விட்டம் அளவாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃப்ளாஞ்ச் ஸ்பேசர் போடலாம், அல்லது ஷாஃப்ட் செய்பவரிடம் கொடுத்து நீட்டி பேலன்ஸ் பார்க்கலாம்.

ஆற்றைக் கடந்து வந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயில் மோர் போல ஆகிவிட்டது. சீல் புதிது.
– மேட்டுப்பாளையம் வாசகர்

டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயைப் பாருங்கள். வண்டியைத் தூக்கும்போது அது இழுபட்டுக் கழன்றிருக்கும். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நீளமான ஹோஸ் போட்டு, நுனியை இன்ஜின் அறைக்குள்ளே உயரத்தில் கட்டுங்கள். ஆயிலை உடனே மாற்றிவிட்டு, சிறிது தூரம் ஓட்டி இன்னொரு முறையும் மாற்றுங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இதே போல இழுபட்டு நிற்கின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

லிஃப்ட் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸில் சிக்கல் வருமா?
– பலர்

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது இதைத்தான். போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் கிளெய்ம் நாளில் உதவாது.

அடுத்த இதழுக்கு எழுதுபவர்கள் கோத்தகிரிக்காரர் செய்தது போல மூன்று கோணத்தையும் அளந்து எழுதுங்கள்: டிரான்ஸ்ஃபர் ஃப்ளாஞ்ச், ஷாஃப்ட், பினியன். வண்டி சமதளத்தில், தன் சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அளந்தது கணக்கில் வராது.